தாமதமாக வந்தால் பச்சை

என் வேலையை விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே கொட்டாவி விடுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள சிக்னல்கள் எல்லாவற்றையும் ஒரே அறையிலிருந்து கண்காணிக்கிறோம். அந்த அறையில் எட்டுத் திரைகளுக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே கம்ப்யூட்டர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று எங்களைக் குளிரில் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தச் சிவப்பு எத்தனை நொடி என்று தீர்மானிப்பது இயந்திரம்தான். அந்த இயந்திரத்துக்கு விதி எழுதிக் கொடுத்தது நாங்கள். பாராட்டு வந்தால் இயந்திரத்துக்கு, திட்டு வந்தால் எங்களுக்கு.

போன வருடம் பஸ்களுக்கு ஒரு சலுகை கொண்டுவந்தோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவரின் தலைக்கு மேல் ஒரு பெட்டி வைத்தோம். பஸ் எங்கே வருகிறது, நேரத்துக்கு வருகிறதா, பின்தங்கி வருகிறதா என்று அது சிக்னலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால், சிக்னல் அந்த பஸ்ஸுக்காகப் பச்சையைக் கொஞ்சம் நீட்டும், இல்லாவிட்டால் சிவப்பைச் சீக்கிரம் முடிக்கும். நேரத்துக்கு வரும் பஸ்ஸுக்கு ஒன்றும் கிடையாது, எல்லா வண்டிகளையும் போல நிற்க வேண்டியதுதான். அந்த 'இரண்டு நிமிடம்' நான் வைத்த கணக்கு. கூட்டத்தில் கை தட்டினார்கள். நானும் கொஞ்சம் தலை கனத்துத்தான் திரிந்தேன்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். பேசும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடுகிற மனிதர். அன்றைக்குச் சத்தம் அதிகமாக இருந்தது.

"நாற்பத்திரண்டாம் நம்பர் ரூட்ல காலை வண்டி ஒண்ணு. பதினோரு சிக்னல், பதினொண்ணும் பச்சை. தினமும். குறுக்கு ரோட்டுக்காரங்க நின்னு நின்னு வேர் விட்டுட்டோம்னு எழுதியிருக்காங்க. பெட்டியில நேரம் தப்பா ஓடுதான்னு பாரு. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வேணும்."

பார்த்தேன். பெட்டியில் நேரம் நொடி பிசகாமல் ஓடியது. பிசகு வேறு இடத்தில் இருந்தது. அந்த பஸ் டிப்போவிலிருந்து சரியான நேரத்துக்குக் கிளம்புகிறது. முதல் இரண்டு நிறுத்தங்களுக்கும் சரியாக வருகிறது. மூன்றாவது நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி. மற்ற டிரைவர்கள் அங்கே அரை நிமிடம் நிற்பார்கள். இந்த வண்டி நான்கு வாரமாக ஒவ்வொரு நாளும் கூடுதலாக இரண்டு நிமிடம் பத்து நொடி நிற்கிறது. அதற்குப் பிறகு கடைசி நிறுத்தம் வரை அந்த இரண்டு நிமிடம் பத்து நொடித் தாமதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர் நிறைந்த குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோவது போல, யாரோ அந்தத் தாமதத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். நடுவில் வேகம் எடுத்து நேரத்தைப் பிடித்துவிட்டால் பச்சை நின்றுபோகும் அல்லவா?

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. விதியை எழுதின எனக்கே தோன்றாத ஓட்டையை ஒரு டிரைவர் கண்டுபிடித்திருக்கிறார். யார் அந்த மகானுபாவர் என்று டியூட்டிப் பட்டியலைத் திறந்தேன். எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த எண் பொறித்த வில்லை என் அக்கா வீட்டுக் கூடத்தில், சீருடைச் சட்டையோடு ஆணியில் தொங்குவதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.

அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் காணோமே என்று எங்கள் அப்பா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மாப்பிள்ளை மட்டும் முதல் பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டாரை நம்பிப் புறப்பட்டால் நேரமாகிவிடும் என்று தனியாகக் கிளம்பிவிட்டாராம். அப்படிப்பட்டவர் தினமும் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் தாமதமாகிறார் என்றால் என்ன அர்த்தம்?

என் புத்தி எங்கே போகும்? தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றுதான் போயிற்று. ஐம்பத்தாறு வயதில் மனிதருக்குப் புதுசாக ஏதோ முளைத்திருக்கிறது. கேட்டே விடுவது என்று வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன்.

இரண்டாவது நிறுத்தத்தில், பின்வாசல் வழியாக ஏறி, முன்பக்கம் நகர்ந்து, உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டேன். மாமா பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் பஸ் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பஸ் நகரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த நர்ஸ் பெண் பையிலிருந்து சீப்பை எடுத்தாள்.

"எதுக்கு நிக்குது?" என்று கேட்டேன்.

"இங்க ரெண்டு நிமிஷம் தவம். தினமும் இங்கதான் நான் தலை வாரிக்கிறேன். அப்புறம் பாருங்க, எந்த சிக்னல்லயும் நிக்காது. வீட்டுல சீவிட்டு வந்தா பஸ்ஸை விட்டுடுவேன்."

யாரும் வரவில்லை. மாமா யாரையும் தேடவும் இல்லை. பெட்டியோடு இணைத்து முன்னால் வைத்திருந்த சின்னத் திரையில் தாமத நொடிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஸ்டியரிங்கில் இல்லை. முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது. எண் இரண்டு பத்தைத் தொட்டதும் பஸ் கிளம்பியது. முதல் சிக்னல் பச்சை. இரண்டாவது சிவப்பாக இருந்தது, நாங்கள் நெருங்கும்போது பச்சைக்கு மாறியது. நான் எழுதிய விதி என் கண் முன்னால் வேலை செய்வதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெருமைப்படலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்கூட்டர்காரர் குறுக்கே புகுந்தார்.

மாமா பிரேக் போட்டார். போட்ட விதத்தைப் பார்த்தேன். கால் மட்டும் மிதிக்கவில்லை. வலது கையால் தொடையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். கை அழுத்தியதால்தான் கால் இறங்கியது. ஸ்கூட்டரைத் தொட ஒரு முழம் இருக்கும்போது பஸ் நின்றது. ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பஸ்ஸில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு முன்னால் போய் நின்றேன். மாமா என்னைப் பார்த்ததும் முதலில் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னை.

"உன் பெட்டி கோள் சொல்லிடுச்சா?"

"எத்தனை நாளா மாமா?"

"கால் ஒரு வருஷமா. உன் பச்சை நாலு வாரமா." இன்ஜினை அணைத்தார். "பதினோரு சிக்னல். ஒவ்வொண்ணுலயும் நிறுத்தி எடுத்தா, டிப்போ திரும்புறதுக்குள்ள முட்டிக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். லேட்டா வந்தா பச்சைன்னு நீதானே ஒரு நாள் சாப்பிடுறப்ப வாய் ஓயாம சொன்ன. இருபத்தியாறு வருஷம் நேரத்துக்கு வந்தேன், ஒரு பய பச்சை குடுக்கல. ரெண்டு நிமிஷம் லேட்டானேன், ஊரே வழி விடுது."

"சிரிக்காதீங்க. அந்த ஸ்கூட்டரைப் பார்த்தேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நின்னுச்சுல்ல?"

"கையால அமுக்கி நிறுத்தினீங்க. டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா எழுதிடுவான். வண்டி ஓட்டத் தகுதி இல்லன்னு. அப்புறம் ஒண்ணரை வருஷம் ஷெட்டுல உக்காந்து யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு நோட்டுல டிக் அடிக்கணும். என்னால முடியாது. எனக்குத் தெரிஞ்சது இந்த சீட்டு ஒண்ணுதான். உங்கக்காகிட்ட சொல்லிடாத."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் விதியை இப்படி வளைத்துவிட்டாரே என்று பாதி. கோபம் வந்தால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நியாயஸ்தர் போலப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

"சரி மாமா, ஒரு ஒப்பந்தம். திங்கக்கிழமை காலை உங்க வண்டிக்கு மட்டும் சலுகையை நிறுத்திடுறேன். எங்கயும் காத்திருக்காதீங்க. எல்லா சிவப்புலயும் நின்னு ஓட்டிக் காட்டுங்க. பதினொண்ணும் ஒழுங்கா முடிச்சீங்கன்னா பெட்டியில கோளாறுன்னு எழுதிட்டு வாயை மூடிக்கிறேன். முடியலன்னா நீங்களே போய்ச் சொல்லிடணும்."

அவர் யோசிக்கவே இல்லை. "சரி, திங்கக்கிழமை," என்றார். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்ப நேர்மையாகப் பட்டது. ஆளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கடைக்குப் போயிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், ரேடியோ காதைக் கிழித்தது. இவ்வளவு சத்தம் எதற்கு என்று குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும், விடு. அவர் வர்ற நேரம்."

"அவருக்கு இவ்வளவு சத்தம் பிடிக்காதே."

அக்கா ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "மாடிப்படி ஏறுறப்ப முனகுறார். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா சங்கடப்படுவார். அதான் முன்னாடியே கூட்டி வெச்சுடுவேன்."

"அவர்கிட்ட கேக்க மாட்டியா?"

"கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு முனகாம ஏறுவார். அது இன்னும் வலிக்கும்ல?"

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவை இன்னும் ஒரு திருகு திருகினாள். அந்தப் பாட்டு முடியும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமா உள்ளே வந்து, "செவிட்டு வீடா இது?" என்று கேட்டபடி காய்கறிப் பையை வைத்தார். வேர்த்திருந்தார். சாப்பிடும்போது எல்லோரும் கலகலப்பாகத்தான் இருந்தோம். திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்கு என் நாற்காலியில் இருந்தேன். அவர் வண்டியின் எண்ணுக்கு எதிரே இருந்த சின்னக் கட்டத்தில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். சலுகை நின்றது. மறுபடி சொடுக்கினால் மறுபடி வந்துவிடும். இதைச் செய்ய எனக்கு அதிகாரம் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திரையில் அவர் பஸ் ஒரு நீலப் புள்ளி. தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நொடி நின்று கிளம்பியது. முதல் சிவப்பில் நின்றது. இரண்டாவதில் நின்றது. மூன்றாவது பச்சை, தானாகக் கிடைத்தது, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நான்கு, ஐந்து, இரண்டிலும் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு சிவப்புல எல்லாம் நிக்குதே, சரி பண்ணிட்டியா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

ஆறாவது சிக்னலில்தான் கவனித்தேன். வேகக் கோடு வழக்கமாக அறுபது மீட்டருக்கு முன்னால் இறங்கத் தொடங்கும். அன்றைக்கு நூற்றைம்பது மீட்டரிலேயே இறங்க ஆரம்பித்தது. ஏழாவதில் இருநூறு. கால் முழுசாக இறங்காது என்று தெரிந்து, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டு வருகிறார். எட்டாவது சிக்னலின் கேமராவைப் பெரிதாக்கினேன். பஸ் வந்தது, மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் கோட்டைத் தாண்டி முன்சக்கரம் ஆட்கள் கடக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேல் ஏறித்தான் நின்றது. கையில் பையோடு கடந்துகொண்டிருந்த ஒருவர் ஓரடி பின்வாங்கி, டிரைவரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

என் கை சுட்டியின் மேல்தான் இருந்தது. ஒரு சொடுக்கு போதும், மிச்ச மூன்று சிக்னலும் பச்சையாகியிருக்கும். மைக்கை எடுத்து ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. இன்னும் மூன்றுதானே, முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றது. அரை நிமிடம் ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று. நான்கு மூலை விளக்குகளும் மினுங்கத் தொடங்கின. கதவுகள் திறந்து ஆட்கள் இறங்கினார்கள். அந்த நர்ஸ் பெண் இறங்கி மணியைப் பார்த்தாள். ரேடியோ கரகரத்தது.

"கன்ட்ரோல். நாற்பத்திரண்டு, காலை வண்டி."

"சொல்லுங்க," என்றேன்.

"வண்டியை நிறுத்திட்டேன். பாசஞ்சர் எல்லாரையும் இறக்கியாச்சு. பின்னாடி வர்ற வண்டியில ஏத்திக்கச் சொல்லுங்க. மாத்து டிரைவர் வேணும்."

இதற்கு நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது. "என்ன கோளாறு?"

"வண்டியில ஒண்ணும் இல்ல. டிரைவருக்குத்தான். வலது முழங்கால். பிரேக்கை முழுசா மிதிக்க முடியல. இன்னைக்கு வந்தது இல்ல, ஒரு வருஷமா இருக்கு. மறைச்சுட்டேன். அப்படியே எழுதிக்குங்க மேடம்."

பத்தொன்பது வருடத்தில் என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் பேனா திறந்து மூடும் சத்தம் நின்றிருந்தது.

"இன்னும் மூணுதானே இருந்துச்சு," என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது, ரேடியோவில் எல்லோரும் கேட்பார்கள். ஆனாலும் கேட்டேன்.

அவர் சாதாரணமாக, வீட்டில் பேசுவது போலவே சொன்னார். "அடுத்த சிக்னல்ல இந்நேரம் ஸ்கூல் பிள்ளைங்க கடப்பாங்கம்மா. எட்டுலயே கோட்டைத் தாண்டிட்டேன். ஒன்பதுக்கு எப்படிப் போவேன்?"

ஒன்பதாவது கேமராவைத் திறந்தேன். பள்ளிக்கூடப் பைகள் கூட்டமாகக் கடந்துகொண்டிருந்தன. முன்னால் போன ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து பொறுக்கியது. அந்தக் கடப்புக்கு எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை இருபத்திரண்டு நொடி கொடுத்தவள் நான். பிள்ளைகளின் நடை வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டவள். திங்கட்கிழமை காலை வண்டி என்று ஒப்பந்தம் பேசியபோது அந்த இருபத்திரண்டு நொடி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மாமாவை நினைத்தேன், அக்காவை நினைத்தேன், என் ரிப்போர்ட்டை நினைத்தேன். காலை அழுத்த முடியாத ஒரு மனிதரிடம் ஒரு பஸ் ஆட்களையும் தெருவைக் கடக்கும் பிள்ளைகளையும் கொடுத்து, ஜெயித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, குளிர் அறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மாற்று டிரைவரை அனுப்பினேன். பின்னால் வந்த பஸ்ஸுக்குச் செய்தி கொடுத்தேன். பிறகு படிவத்தை எடுத்து, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் அக்கா வீட்டுக்காரர்தானே?"

"ஆமா சார்."

"நல்ல மனுஷன். தானே ஒத்துக்கிட்டார், பெரிசா நடவடிக்கை வராம நான் பேசிப் பார்க்கிறேன். ரிப்போர்ட் முடிஞ்ச மாதிரிதான். கையெழுத்துப் போட்டுக் குடு."

படிவத்தின் கீழ்ப்பகுதியில் இன்னொரு கட்டம் இருக்கிறது. 'கட்டுப்பாட்டு அறையில் செய்யப்பட்ட மாற்றங்கள்' என்று போட்டிருக்கும். எப்போதும் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவோம். நான் எழுத ஆரம்பித்தேன். டிரைவரின் கால் நிலை வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் தகவல் கொடுக்கவில்லை. இன்று ஏழு ஐம்பத்திரண்டுக்கு அந்த வண்டியின் சலுகையை நானே நிறுத்தினேன். எட்டாவது சிக்னலில் வண்டி கோட்டைத் தாண்டியதைக் கேமராவில் பார்த்த பிறகும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். பேனா கையிலேயே இருந்தது.

"இதை எழுதினா இந்த சீட்டுல உன்னை வெச்சிருக்க மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும் சார்."

"யாரும் கேக்கலயேம்மா. எதுக்கு எழுதுற?"

"மறைச்சீங்களான்னு அவரையும் யாரும் கேக்கல சார்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.